வெளிநாட்டு வழக்குரைஞர் தேர்வும் நம் பிள்ளைகளும்

அன்னூர் வட்டாரத்தில் ஓர் ஊர்ப் படிப்பகம். மாலை நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கோவை அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, நம்மளாட்டம் வூட்டுப் புள்ளைக வெளிநாட்டுல வக்கீலாக முடியுங்களா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருடைய அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். அதெல்லாம் நமக்கில்லை என்று பழகிப்போன மனதின் சிரிப்பு அது.

அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்கிறோம்: முடியும். நூறாண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 1916-ல் இலண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்புக்குச் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் உதவினார். 1920-ல் மீண்டும் கப்பலேறி, 1922-ல் பாரிஸ்டர் ஆனார். அவருக்கு அறிவு குறுக்கே நிற்கவில்லை, பணம்தான் நின்றது. இன்றும் நிலைமை பெரிதும் அதுவே. கூடவே, தகவல் தெரியாமையும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே சில தகவல்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் படித்தவர்கள், அங்கே மறுபடி முழுச் சட்டப் படிப்பு படிக்காமலே வழக்குரைஞர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா அந்த மரபு நாடு. படிப்பின் காலமும் பாடங்களும் அந்நாட்டுப் படிப்புக்கு ஈடானவையா என்று தேர்வு வாரியம் முன்கூட்டியே பார்க்கும். குறை இருந்தால், அங்குள்ள அங்கீகாரம் பெற்ற சட்டப் பள்ளியில் எல்.எல்.எம். படித்து ஈடுகட்ட வழி உண்டு. அஞ்சல்வழிப் படிப்பை ஏற்பதில்லை. வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். மதிப்பெண் சான்றுகள் கல்வி நிறுவனத்திலிருந்தே நேரடியாகப் போக வேண்டும். பிப்ரவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. கலிபோர்னியாவிலோ, தம் நாட்டில் வழக்குரைஞராகப் பதிவு செய்தவர்கள் எல்.எல்.எம். இல்லாமலே தேர்வு எழுதலாம்.

இங்கிலாந்தில் 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் 360 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டாம் கட்டம் வாதாடுதல், கட்சிக்காரரிடம் பேசுதல், சட்ட ஆவணம் எழுதுதல் ஆகியவற்றைச் சோதிக்கிறது. மற்றவர்களுக்குக் கட்டாயமான 2 ஆண்டுப் பணி அனுபவம், இங்கே பதிவு பெற்ற வழக்குரைஞருக்குத் தேவையில்லை.

இங்கே செய்யும் பதிவுதான் அங்கே சாவி என்பதைக் கவனியுங்கள். அந்தப் பதிவுக்கே பல மாநிலங்களில் 15,000 ரூபாயும் அதற்கு மேலும் வசூலித்து வந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சட்டத்தில் உள்ளபடி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. யாராவது கூடுதலாகக் கேட்டால் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள்.

செலவை மறைக்க மாட்டோம். நியூயார்க் தேர்வுக்கு வெளிநாட்டில் படித்தவர் கட்டுவது 750 டாலர், நம் பணத்தில் 60,000 ரூபாய்க்கும் மேல். இங்கிலாந்துத் தேர்வின் இரண்டு கட்டமும் சேர்த்தால் நாலரை லட்சத்தைத் தாண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் இதை எங்கே போய்ப் புரட்டும்?

மேல்படிப்புக்கு இரண்டு அரசுத் திட்டங்கள் உள்ளன. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் உள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கானவை. வயது 35-க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். தரகர் யாரும் தேவையில்லை.

இவை படிப்புக்கான உதவிகள். தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் தனியாக அரசு உதவ வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஒவ்வொரு அரசு சட்டக் கல்லூரியிலும் இதற்கென ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருக்க வேண்டும்.

"வெளிநாடு போய்விட்டால் ஊருக்கு என்ன லாபம்?" என்று பெரியவர் ஒருவர் அன்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1927-ல் மகாட் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் எடுத்தபோது, அது தனியார் குளம் என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பாரிஸ்டர் அம்பேத்கர் விடவில்லை. 10 ஆண்டு கழித்து, 1937 மார்ச் 17 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. இலண்டனில் படித்த சட்டம் ஒரு சிற்றூர்க் குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தது. கேள்வி கேட்ட தங்கையிடமும் நாம் எதிர்பார்ப்பது அதைத்தான். முதலில் அவர் இங்கே 125 ரூபாய் கட்டிப் பதிவு செய்யட்டும்.