மீண்டும் மீண்டும் வரும் இடுப்பறை அழற்சி

பழைய மாணவர் மலரொன்றில் மாதர் நோயைப் பற்றி எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். இந்நோய் திரும்பத் திரும்ப வருதற்குக் கணவரும் காரணராதல் உண்டு என்பதே எம் விடை.

கருப்பை வாயிலூடாகக் கிருமிகள் மேலேறிக் கருப்பையையும் பலோப்பியன் குழாய்களையும் பற்றுவதால் இவ்வழற்சி உண்டாகின்றது. பாலுறவால் தொற்றும் கொணோரியா, கிளமிடியா ஆகியவற்றின் கிருமிகள் இவற்றுள் முக்கியமானவை. வேறு கிருமிகளும் உள. அடிவயிற்று நோவு, மிகுந்த வெள்ளைபடுதல், காய்ச்சல் என்பன அறிகுறிகளாம். சிலரிடத்து யாதோர் அறிகுறியுமின்றியே குழாய்களில் தழும்பு விழுந்துவிடும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் வெஸ்த்ரோம் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை நோயுற்றோருள் நூற்றுக்கு 8 பேரும், இருமுறை உற்றோருள் ஏறக்குறைய 20 பேரும், மூன்று முறையோ மேலோ உற்றோருள் 40 பேரும் குழாய்ப் பழுதினால் மகப்பேறிழந்தனர். ஆதலின் இரண்டாம் முறை வாராது காத்தலே பெரிது.

காக்கும் வழிகள் எளியன. பெரும்பாலும் 14 நாட்களுக்குக் கொடுக்கப்படும் மருந்தை, நோவு தணிந்தது கண்டு இடையில் நிறுத்தலாகாது. கணவருக்கு அறிகுறி இல்லையெனினும் அவரும் பரிசோதனையும் சிகிச்சையும் பெறல் வேண்டும். இருவரும் மருந்தை முடிக்குமட்டும் கூடாதிருத்தல் நன்று. பின்னர் ஆணுறை துணைசெய்யும். பெண்ணுறுப்பின் உட்புறத்தை நீர் பாய்ச்சிக் கழுவுதல் தகாது.

ஒருநாட் சம்பளம் போய்விடுமென்று அஞ்சி, நோவை மறைத்துக் கொழுந்தெடுக்கும் சகோதரியர் ஹந்தானையிலும் கலஹாவிலும் இலரோ? 1996 முதல் இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். அங்கு செல்லுமாறு அவர்களுக்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடன்.

மலடி என்னும் பழிச்சொல்லை மனைவிமேற் சுமத்துமுன், கணவன் தன்னைப் பரிசோதித்துக் கொள்வானாக.