பச்சிளங்குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையானால்



ஏழாம் நாள் முடி களையும்போது உருண்டையாக இருந்த தலை, இரண்டு மூன்று மாதத்தில் ஒரு பக்கம் தட்டையாகிவிடுவதைச் சில வீடுகளில் பார்க்கிறோம். வளர வளரச் சரியாகிவிடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் எண்ணெய் தேய்த்துத் தலையை அழுத்தி உருட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பல குழந்தைகளுக்குக் காரணம் கழுத்தில்தான் இருக்கிறது.

காதின் பின்புறத்திலிருந்து நெஞ்செலும்பு வரை வரும் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தால், தலை அந்தப் பக்கம் சாயும். முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். குழந்தை எப்போதும் அப்படியே படுப்பதால், இளம் மண்டையோடு அழுந்திய இடத்தில் தட்டையாகிறது.

இதற்காகக் குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்காதீர்கள். அப்படித் தூங்கவைக்க வேண்டாம் என்று 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்திய பிறகு, அங்கே தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தூங்கும்போது மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். மாற்ற வேண்டியது விழித்திருக்கும் நேரத்தை.

விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தினமும் பலமுறை சில நிமிடம் குப்புறப் போடுங்கள். உம்மாவின் நெஞ்சின்மேல் கிடத்தினாலும் போதும். தலைமாடு கால்மாடு மாற்றிக் கிடத்துங்கள். குழந்தை திரும்பாத பக்கம் நின்று பேசுங்கள், கிலுக்கை ஆட்டுங்கள். தூக்கும் தோளையும் மாற்றுங்கள். சேலைத் தொட்டிலில் நெடுநேரம் விடாதீர்கள். தலையை உருண்டையாக்கும் என்று விற்கும் தலையணைகளை வாங்காதீர்கள்; மூச்சுத்திணறல் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-ல் எச்சரித்தது.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே, கழுத்து இரு பக்கமும் ஒன்றுபோல் திரும்புகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இறுக்கம் இருந்தால் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கழுத்தை மெதுவாக நீட்டித் திருப்பும் பயிற்சியை அவர்கள் கற்றுத் தருவார்கள். கற்காமல் நீங்களே திருப்பாதீர்கள். மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் விரைவில் குணமாகும். தாமதித்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கழுத்தில் கட்டி, பிறவியிலேயே கோணலான தலை, மண்டையில் வரப்பு போன்ற மேடு, ஒரு கை கால் அசைவு குறைவு இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

குழந்தை நம்மிடம் உள்ள அமானிதம். ஆஸ்பத்திரிக்குப் போய்வரச் சிரமப்படுவோர் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.

– செயலாளர்