தோல் சுத்தமாகிறது, தண்ணீர்?

செத்த ஆட்டின் தோலும் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்று மத்ரஸாவில் தஹாரத் பாடத்தில் படிக்கிறோம். நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்ட தண்ணீர் சுத்தமானதல்ல என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டிய இடம் பாலாற்றங்கரை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் அந்த வருமானத்தில் எழுந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தொழிலின் கழிவுநீர்தான் பாலாற்றையும் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இது குறித்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றும், பாதிப்பு வருமுன் தடுக்க வேண்டும் என்றும் கூறி, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் தொழில் நடத்த முடியாது என்ற நிலை வந்தது. ஆனால் அங்கே போகும் அழுக்கு மறைந்துவிடுவதில்லை, கசடாகத் தேங்குகிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கசடுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்துபோனார்கள். கடைசியில் கழுவுவதைவிட, அழுக்கு உண்டாகாமல் முதலிலேயே தடுப்பதுதான் தீர்வு. இதைத்தான் 'தூய்மையான உற்பத்தி' என்கிறார்கள்.

உப்பை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்குச் சுமார் 40 கிலோ உப்பு போடுகிறார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது. நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரிக்கும் முறையால் கரைந்த உப்பை நீக்க முடியாது. சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சித்தான் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகும். மிஞ்சும் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. ஊறவைக்கும் முன் தோலை நன்றாக உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி உலர்ந்த நிலையிலேயே கொட்டிவிடும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை.

குரோமும் அப்படித்தான். சாதாரண முறையில் டிரம்மில் போடும் குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் நீரோடு போய்விடுகிறது. அந்த நீரைத் தனியே பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். ரோமம் நீக்க சல்பைடுக்குப் பதில் என்சைம் பயன்படுத்தினால், தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும் விஷவாயுவின் அபாயமும் குறைகிறது. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய முறைகளை உருவாக்கிக் கற்றுத் தருகிறது.

வழி தெரிந்தும் ஏன் எல்லோரும் செய்வதில்லை? கூலிக்குப் பதனிடும் சிறு முதலாளிக்கு ஆரம்பச் செலவு பாரம். 'கால்வாயில் விட்டால் அது சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பு' என்ற எண்ணமும் ஒரு காரணம். வீணாகும் குரோமும் காசு கொடுத்து வாங்கியதுதான் என்பதைக் கணக்குப் பார்த்தால் இந்த எண்ணம் மாறும்.

தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. குர்பானி கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தோல் புறப்படுகிறது. உரிக்கும்போது கத்தி பட்டுக் கிழிந்த தோலுக்கும் நல்ல தோலுக்கும் ஒரே அளவு தண்ணீரும் ரசாயனமும்தான் செலவாகின்றன, ஆனால் கிழிந்தது நல்ல விலைக்குப் போகாது. வெயிலில் குவித்து வைத்த தோல் கெட்டு, குப்பையாகிறது. தோல் உரிக்கத் தெரிந்தவரை வைப்போம், நிழலில் வைத்து உடனே ஒப்படைப்போம். பதனிடும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜமாஅத்துகள் சில மணி நேரத்திலேயே அனுப்பிவிட்டால் உப்பே தேவைப்படாமலும் போகலாம்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கெட்டுப்போன கிணறு அல்லாஹ்வுக்கும் நமக்கும் மட்டும் உள்ள விஷயமல்ல. அது ஹக்குல் இபாத், அந்தக் கிணற்றை நம்பியிருந்தவரின் உரிமை. நாம் கொடுக்கும் ஸதகாவோ கட்டும் பள்ளிவாசலோ அந்தக் கடனை அடைக்காது. அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். இனியும் கெடுக்காமலிருப்பது அதன் முதல் படி, அது தோலிலிருந்து உப்பை உதறுவதில் தொடங்குகிறது.