கைதட்டலும் தாளமும்

1971 ஆகஸ்ட் 1. வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பெரிய இசை நிகழ்ச்சி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் மேடையேறி சிதாரையும் சரோதையும் சுருதி சேர்த்து நிறுத்தியதும் அரங்கம் அதிரக் கைதட்டியது. கச்சேரி இன்னும் தொடங்கவே இல்லை. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பதும் பிடிக்கும் என்று ரவிசங்கர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். அந்த ரசிகர்களைக் குறை சொல்ல முடியாது; ஆசையோடு வந்தவர்கள்தாம். எது தொடக்கம், எது முடிவு என்று சொல்லித்தர அவர்கள் பக்கத்தில் ஆள் இல்லை. வெளிநாடுகளில் நம் இசையைப் பரப்பும் தன்னார்வலர்களின் உண்மையான வேலை அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறது. அரங்கை நிரப்புவது அதற்குப் பிறகுதான்.

இதற்கு நல்ல சான்று கிளீவ்லாந்து. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள அந்த ஊரில் 1978இல் சில குடும்பங்கள் ஒரு தேவாலயத்தில் கூடி தியாகராஜ ஆராதனை நடத்தின. இன்று அது ஈஸ்டரை ஒட்டிப் பத்து நாட்களுக்கும் மேல் நடக்கும் விழா. சென்னையின் பெரிய வித்வான்கள் வருவதை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பிள்ளைகளுக்கான போட்டிகளும் பஞ்சரத்ன கோஷ்டி கானமும்தான். பஞ்சரத்னத்தின் ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம். கோஷ்டியில் உட்கார வேண்டுமானால் மாதக்கணக்கில் பாடம் பண்ண வேண்டும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை கைக்குப் பழகிவிட்டால், தாள வாத்தியம் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் கோர்வை சரியாக எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது அந்தப் பிள்ளையின் முகம் தானாகவே மலரும். யாரும் கைதட்டச் சொல்ல வேண்டியதில்லை.

‘இதெல்லாம் நம்மவர்கள் நம்மவர்களுக்கே நடத்திக்கொள்வதுதானே, வெளிநாட்டு ரசிகர் எங்கே?’ என்று கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பாட்டின் பொருளை ஒரு வரிகூடச் சொல்லாமல் கச்சேரி நடத்தினால், முதல்முறை வருபவர் மறுமுறை வரமாட்டார். ராகம், தாளம், பாட்டின் சாரம் அடங்கிய ஒரு தாளை வாசலில் கொடுக்கப் பெரிய செலவும் ஆகாது. ஆனால் ஓஹையோவில் பிறந்து வளரும் பிள்ளைக்கும் இந்த இசை தெருவில் கேட்பதில்லை; அதுவும் புதிதாகக் கற்க வேண்டிய ரசிகர்தான்.

‘ஜான் ஹிக்கின்ஸை உருவாக்கியது பல்கலைக்கழகம் அல்லவா?’ என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ரங்கநாதனிடம் தொடங்கிய அந்த அமெரிக்கர், சென்னை வந்து அவருடைய சகோதரர் விஸ்வநாதனிடம் கற்று, திருவையாற்றில் பாடி, ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். நம் இசையைக் கற்பிக்கும் அப்படிப்பட்ட பல்கலைக்கழகத் துறைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை இல்லாத நூற்றுக்கணக்கான ஊர்களில், வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறில் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்கள்தாம் இருக்கிறார்கள். ஹிக்கின்ஸுக்குக் கிடைத்ததும் ஒரு விளம்பரம் அல்ல. எதிரே உட்கார்ந்து, கைபிடித்துத் தாளம் சொல்லித்தந்த குரு.