இரும்புக்கும் லைசென்ஸ் உண்டு

வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பட்டாசு ஆலையில் திரி வைக்கிற வேலை பார்ப்பவர். ‘ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரட்டிப்புச் சத்து ஏறுமாம், தினமும் போடச் சொல்வது மருந்துக் கம்பெனி வியாபாரமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?’

அரசு இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையில் பெரிய வியாபாரம் இருக்க வாய்ப்பில்லை. இரட்டிப்பு என்பது புளுகு. ஆனால் ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்பதை வாட்ஸ்அப் பண்டிதர்கள் வானத்திலிருந்து பறிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒழுங்கான ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சங்கதியோ, கடந்த கால் நூற்றாண்டில் ரத்தவியலில் நடந்தவற்றிலேயே ருசியானது.

முதலில் எண்களைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதற்கும் 57 சதவீதம். இந்த எண்கள் விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் வந்தவை. விரலைப் பிதுக்கினால் திசுநீரும் கலந்துவிடும், அளவு பிசகும். சிறு குழந்தைகள் விஷயத்தில், நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த இன்னொரு தேசிய ஆய்வு (2016–18) 41 சதவீதம் என்றது. ஏறத்தாழ அதே காலத்தில் விரல்குத்து முறை 58 சதவீதத்துக்கு மேல் சொல்லியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2024-இல் நரம்பு ரத்தத்துக்கே முதலிடம் கொடுத்துவிட்டது. பிரச்சினை பெரிதுதான். எவ்வளவு பெரிது என்று தசம புள்ளியோடு சொல்கிறவரிடம், எங்கே குத்தினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சங்கதிக்கு வருவோம். நம் உடம்பில் மொத்தம் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில். கிழடான அணுக்களை உடைத்து நாளொன்றுக்கு 20, 25 மில்லிகிராம் இரும்பை உடம்பு திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. உணவிலிருந்து புதிதாக எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? மிகையான இரும்பை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது. சிறுநீரகம் அதை வடித்துத் தள்ளாது. உள்ளே வந்தது வந்ததுதான். அதோடு, தனித்துத் திரியும் இரும்பு சும்மா இருக்காது. செல்லுக்குள் சாதாரணமாக உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்கிற வெறிபிடித்த மூலக்கூறு பிறக்கிறது. கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறும்.

அவசியமான சரக்கு, ஆனால் அள்ளி வைக்கக் கூடாத சரக்கு. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறை இதே கணக்கில்தான் நடக்கிறது. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, மிஞ்சியதை அறையில் விட்டுப் போகக் கூடாது. உடம்பின் விதிப்புத்தகமும் இதுதான். இரும்பை ஏற்றிச் செல்ல டிரான்ஸ்ஃபெரின் என்ற வண்டி. ஒரு நடைக்கு இரண்டே அணு. அடுக்கி வைக்க ஃபெரிட்டின் என்ற மேகசின். ஒன்றில் 4,500 அணு வரை கொள்ளும். குடல் சுவரின் செல்தான் மருந்து அறை. அந்த அறையிலிருந்து ரத்தத்துக்குத் திறக்கிற கதவு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். செல்லுக்குள் வந்த இரும்பு வெளியேற நமக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். சாவியோ அறையில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது.

கல்லீரல் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு புரதத்தைச் சுரக்கிறது. பெயர் ஹெப்சிடின். ரத்தத்தில் இரும்பு ஏறியதும் ஹெப்சிடினும் ஏறும். அது நேரே போய் ஃபெரோபோர்ட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மாத்திரத்தில் செல் அந்தக் கதவை உள்ளே இழுத்துச் செரித்துவிடுகிறது. பூட்டுகிற வேலையெல்லாம் இல்லை; கதவையே நிலையோடு பெயர்த்துக்கொண்டு சுவரை அடைத்துவிடுகிறார் போர்மேன். உள்ளே மாட்டிய இரும்பு என்னாகும்? குடல் செல்லின் ஆயுளே மூன்றிலிருந்து ஐந்து நாள். அது உதிரும்போது இரும்பும் சேர்ந்து உதிர்ந்து மலத்தோடு போய்விடும். மிஞ்சிய சரக்கு கழிவுக் கணக்கில்.

இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கிருமித்தொற்று, நாள்பட்ட அழற்சி எது வந்தாலும் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை கிளம்பும். ஆலைக்கு ‘ரெய்டு’ என்று போன் வந்த மாதிரி. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இதை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்தது, ரத்தத்தின் இரும்பு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. எல்லாக் கதவும் அடைப்பு. காரணம் இருக்கிறது: பாக்டீரியாக்களுக்கும் இரும்பு வேண்டும். அதைத் திருடுவதற்கென்றே தனி மூலக்கூறுகளை வெளியே அனுப்பி வைத்திருக்கின்றன. லைசென்ஸ் ஒருவர் பேரில், தொழில் நடத்துவது உள்குத்தகைக்காரர் என்கிற கதை. வண்டி கொள்ளாமல் ரத்தத்தில் அலையும் இரும்புக்கு, மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைக்கிற விதிமீறலைச் சொல்லலாம். இதற்கு மேல் உரசினால் உவமையே பற்றிக்கொள்ளும். நிறுத்திவிடுகிறேன்.

சரித்திரம் கேட்காமல் விடமாட்டீர்கள். 1832-இல் ப்ளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இரும்பு சல்பேட் மாத்திரையைப் பிரபலமாக்கினார். நம் சிவப்பு மாத்திரை அதன் கொள்ளுப்பேத்தி. 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். இரும்புக்கு அசையாத ஒரு வகை, ஈஸ்ட் சாற்றுக்குக் குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம். இன்று அது இரும்போடு ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கிறது. ஹெப்சிடின் கிடைத்தது 2000–01இல். கிருமிகளைக் கொல்லும் புரதங்களைத் தேடிப் போனவர்கள் கையில் வந்து சிக்கியது. அது ஃபெரோபோர்ட்டினை அழிக்கிற விதத்தை 2004-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத்தா நெமத், தாமஸ் கான்ஸ் குழுவினர் காட்டினார்கள். போதும்.

இனி மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டில் சில மில்லிகிராம்களைப் பார்த்துப் பழகிய கல்லீரலுக்கு இது லாரி லோடு. ஹெப்சிடின் ஏறுகிறது, 24 மணி நேரம் வரை இறங்குவதில்லை. மறுநாள் காலை அடுத்த மாத்திரை போகும்போது பல கதவுகள் இல்லை. சூரிச்சில் 40 பெண்களிடம் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். இரும்பு அணுவிலேயே எடை வேறான வகைகளைக் கலந்து கொடுத்ததால், எந்த வேளையில் போட்டது எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்று எண்ணிவிட முடிந்தது. தினமும் போட்டவர்கள் 16.3 சதவீதம் ஈர்த்தார்கள். ஒருநாள் விட்டுப் போட்டவர்கள் 21.8 சதவீதம். வாட்ஸ்அப்பின் ‘இரட்டிப்பு’ இந்த ஐந்தரை சதவீதப் புள்ளிதான்.

இங்கேதான் கவனம் வேண்டும். இந்தக் கணக்கு ஒரே எண்ணிக்கை மாத்திரைக்கு. ஒரு சாரார் 14 நாளில் முடித்ததை மற்றவர்கள் 28 நாளில் முடித்தார்கள். அந்தப் பெண்களிடம் இரும்பு இருப்புக் குறைவு. பெரும்பாலோருக்கு ரத்தசோகை இல்லை. ரத்தசோகை உள்ளவர்களிடம் பார்த்தது சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம் (2020). தினம் இருவேளை 60 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மூன்று வாரத்தில் ஏறிய ஹீமோகுளோபின், ஒருநாள் விட்டு 120 மில்லிகிராம் போட்டவர்களுக்கு ஏற ஆறு வாரமானது. குமட்டல் மட்டும் பின்னவர்களுக்குக் குறைவு. புதுச்சேரியில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சோதனையோ, இரண்டு முறைக்கும் ஹீமோகுளோபின் உயர்வில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று முடித்தது. ஆக, வாசகிக்கு: கர்ப்பமாக இல்லை, சோகையும் லேசானதுதான் என்றால், ஒருநாள் விட்டுப் போடலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். புரட்டுகிறதென்று மாத்திரையைப் பரணில் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். கர்ப்பிணிகளும், ஹீமோகுளோபின் ஏழு, எட்டில் நிற்பவர்களும் தினசரி முறையில் கைவைக்க வேண்டாம். அவர்களுக்கு நாள் முக்கியம். அதற்காகத்தான் கதவு வழியே போகாமல் நேராக நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. மலம் கறுப்பது ஈர்க்கப்படாத இரும்பால், பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் மாத்திரையைத் திட்டாதீர்கள். எங்கேயாவது அழற்சியோ தொற்றோ கதவை அடைத்திருக்கலாம், பி-12 குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறும் இருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேஷன் அரிசி பற்றியும் கேள்வி வரும் என்று தெரியும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று ஊரெல்லாம் பயந்தது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12 பிசைந்து அரிசி வடிவில் பிழிந்த மணி. கலக்கும் விகிதம் நூற்றுக்கு ஒன்று. மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருப்பதால் விருதுநகருக்கு இது முன்வரிசையிலேயே வந்தது. பிளாஸ்டிக் பீதி அபத்தம் என்பதற்காக, இந்த அரிசி ரத்தசோகையை ஒழித்துவிடும் என்கிற மேடைப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. உலகளாவிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு (2019), ரத்தசோகை அபாயத்தில் இதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. நிறம் கெடாமலிருக்கச் சேர்க்கிற பைரோபாஸ்பேட் வகை இரும்பு சுலபத்தில் கரையாது. கரையாதது கதவு வரை வருவதே அபூர்வம்.

ரத்தவியலில் தலைப்புச் செய்திகளுக்குப் பிடித்தது மரபணுச் சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய முடிவுகள் 2024 டிசம்பரில் வந்தன. ஐந்து பேர், கூட்டாக 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக்கசிவே இல்லை. அருமையான வேலை, நம் ஊர் வேலை. ஆனால் ஐந்து பேர். ‘ரத்த நோய்களுக்கு முடிவு’ என்று போஸ்டர் அடிக்க இன்னும் நாளிருக்கிறது. எனக்கு அதைவிடச் சுவாரசியம் தலசீமியாவில் ஹெப்சிடின் படும் பாடு. அங்கே எலும்பு மஜ்ஜை உருப்படாத அணுக்களை உற்பத்தி செய்துகொண்டே, ‘இரும்பு பத்தவில்லை’ என்று எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை அனுப்பிக் கல்லீரலை ஏமாற்றுகிறது. ஹெப்சிடின் விழுகிறது, கதவெல்லாம் திறக்கிறது, ரத்தம் ஏற்றாதபோதும் ஈரலில் இரும்பு குவிகிறது. சோகைக்காரருக்கு இரும்பு மிகை! ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் சத்து மாத்திரை நீட்டக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

டீ விஷயத்தை விட்டால் அநியாயம். டீயிலுள்ள டானின் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஹெப்சிடின் தாழ்ந்திருக்கும் என்பதால் மாத்திரைக்கு அதுவே நல்ல நேரம். ஆனால் ஆலை வண்டி ஏறும் முன் குடிக்கிற டீயோடு அதை விழுங்கினால் கதை முடிந்தது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வத்தலும் மல்லியும் ஏலம் போகிற விருதுநகருக்குப் பொருத்தமான ஒரு சோதனை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நடந்தது. தமிழர்கள் நிறைய வாழும் இந்தியக் குடியிருப்பு அது. அங்குள்ள குடும்பங்களில் ஒரு பாதிக்கு இரண்டு வருடம் இரும்பு கலந்த மசாலாப் பொடி, மறுபாதிக்குச் சாதாரணப் பொடி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. அரிசியில் போடுகிற பைரோபாஸ்பேட் இல்லை இது; டானினிடமும் தானியங்களிலுள்ள ஃபைட்டேட்டிடமும் அவ்வளவாக மாட்டாத இ.டி.டி.ஏ. வகை இரும்பு. 1989-இல் வந்த முடிவின்படி, இரும்பு மசாலா சாப்பிட்ட பெண்களிடம் இரும்புக்குறைச் சோகை 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதே குழம்பை அதே வீட்டில் சாப்பிட்டும், ஏற்கெனவே இரும்பு நிரம்பியிருந்த ஆண்களிடம் அது ஆபத்தான அளவுக்குச் சேரவில்லை. ஹெப்சிடின் என்று ஒன்று இருப்பது அப்போது எவருக்கும் தெரியாது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.