கயிறு பிடிக்க ஓர் ஆள்

மன்னார்க் கடலிலே முத்துக் குளித்த காலத்தில், சுழியோடி தன் உயிர்க் கயிற்றை யாரிடம் ஒப்படைத்தான் என்பது பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. தந்தையிடமன்று, தமையனிடமுமன்று, மைத்துனனிடமே ஒப்படைப்பானாம். கயிறு நழுவினால் போவது தன் சகோதரியின் தாலியன்றோ என்ற நினைவு மைத்துனனைக் கண்ணயர விடாதாம்! எல்லாத் தோணிகளிலும் மைத்துனரே இருந்திருக்க முடியாது. ஆயினும் கயிறு பிடிக்க ஆளின்றிச் சுழியோடுவது அத்தொழிலின் வழக்கமன்று.

அந்நாளைய ஒழுங்கு வியக்கத்தக்கது. ஏறத்தாழ நாற்பது இறாத்தல் நிறையுள்ள கல்லிலே காலை ஊன்றிச் சுழியோடி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவான். ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். ஒரு கல்லுக்குச் சுழியோடிகள் இருவர். ஒருவன் கீழே இருக்க மற்றவன் இளைப்பாறுவான். இவ்வளவும் போதாதென்று சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுதற்குக் கடற்கட்டி என்றொருவரும் இருந்தார். மந்திரத்தை நாம் நகைக்கலாம். ஆனால் நீருக்குள் இருப்பவனை நினைத்துக்கொண்டிருக்கவென்றே ஒருவரை அமர்த்திய அறிவை நகைத்தற்கில்லை. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியிலே அரசாங்கத்துக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா அளவில் வருவாய் தந்த முத்துக்குளிப்பு இம்முறையிலேயே நடந்தது.

நிற்க. 1943இல் பிரான்சு தேசத்தவரான கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர், அடைத்த காற்றை முதுகிற் சுமந்துகொண்டு நீருள் மூச்சுவிடும் கருவியை அமைத்தனர். மனிதன் மீனைப்போல் உலாவலானான். அவனைக் கரையோடு பிணைத்த கயிறும் அன்றே அறுந்தது. இன்று வடபுலத்திற் கடலட்டையும் சங்கும் எடுப்போர் இக்கருவியையே நம்புகின்றனர். படகிலே நால்வர் செல்வர். கீழே போனதும் ஆளுக்கொரு திசை! கலங்கிய நீரிலே ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது. இதனைத் தனியே இறங்குதல் என்றே யான் சொல்வேன்.

இதில் என்ன ஆபத்து? பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே உள்ளதைப் போல இருமடங்கு. இருபது மீற்றரில் மும்மடங்கு. கீழே போகப் போக உருளையிலுள்ள காற்று அந்த அளவுக்கு விரைவாகத் தீரும். மேலே ஒன்றரை மணி நேரம் போதுமான காற்று, இருபது மீற்றரில் அரை மணிக்கே காணும். திடீரெனக் காற்று நின்றால் அருகிலுள்ள துணைவன் தன் வாய்க்குழாயைத் தந்து காப்பான். துணைவன் இல்லையேல் மேலே பாய்வதன்றி வேறு வழியில்லை. அப்போது பயத்தால் மூச்சை அடக்கிக்கொண்டாலோ, பத்து மீற்றரில் நெஞ்சிலிருந்த காற்று மேலே வருமுன் இருமடங்காக விரிந்து சுவாசப்பையைக் கிழித்துவிடும்.

நமது கடலின் குணத்தையும் எண்ண வேண்டும். சோளகம் வீசுங்காலத்து நீரோட்டம் ஒருபுறம். வாடையில் அது திசை மாறும். பருத்தித்துறையிலிருந்து கீரிமலை வரையுள்ள வடகரையிலே, வாடைக்காலத்து அலைகள் முருகைக்கற் பாறைகள்மீது நேரே வந்து மோதும். அலையோடு முன்னே எறியப்பட்டு, அலையோடு பின்னே இழுக்கப்படும் ஒருவனுக்கு ஆழம் பார்க்கவோ காற்றை அளக்கவோ கருத்து வராது. அறுந்த வலைத்துண்டு காலிற் சுற்றினால் குனிந்து அறுப்பதற்குள் உருளை காலியாகிவிடும். மேலே வந்தபின்னும் அபாயம் நீங்கியபாடில்லை. நீரோட்டம் அவனைப் படகிலிருந்து அகற்றியிருக்கும். அலைகளுக்கிடையே ஒரு தலை எவர் கண்ணுக்குப் படும்? குமிழிகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு மேலே ஒருவர் இருந்தாலன்றி, அவனைத் தேடவேண்டும் என்பதே எவருக்கும் தோன்றாது.

கரை சேர்ந்தபின் வரும் நோயும் ஒன்றுண்டு. அமுக்கத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன், விரைந்து மேலே வரும்போது சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் குமிழிக்கும். பிரித்தானியாவின் ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும் என்னும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்று நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறலாகாதென்றும், மேலே வருமுன் ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்தல் நன்றென்றும் கற்பிக்கின்றனர். ஒருநாளில் பலமுறை இறங்கி ஏறும் தொழிலாளிக்கு இக்கணக்கு இன்னும் இறுக்கமானது.

இல்லத்தரசியர் அறியவேண்டியது இதுவே. இந்நோய் பெரும்பாலும் சில மணி நேரத்துள் வெளிப்படும். தோளிலோ முழங்காலிலோ குடைச்சல், தோலில் அரிப்பு, காலில் விறைப்பு, சிறுநீர் தடைப்படல் முதலியன அதன் குறிகள். உழைத்த களைப்பென்று எண்ணெய் தேய்த்து உறங்க விடலாகாது. மீண்டும் கடலில் இறங்கினால் சரியாகும் என்பாரையும் நம்பலாகாது. படுக்கவைத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று ஒட்சிசன் கொடுக்கச் செய்தல் வேண்டும். அப்பால் அமுக்க அறையிலே சிகிச்சை தேவைப்படும். அத்தகைய அறை திருகோணமலையிற் கடற்படையினரிடம் உண்டு. குடாநாட்டிலிருந்து அது பல மணி நேரப் பயணம். ஆதலின் காலந்தாழ்த்துவது நடக்கும் காலையே இழக்கச் செய்யலாம்.

வைத்தியர் முதலிற் கேட்பவை மூன்று: எத்தனை மீற்றர் இறங்கினார், எத்தனை முறை, எவ்வளவு விரைவில் ஏறினார்? நோயாளி மயங்கிக் கிடக்கையில் இவற்றுக்கு விடை சொல்லத்தக்கவர், அன்று அவரோடு படகிலிருந்து கவனித்தவர் மாத்திரமே.