சக்கரம் ஏன் இரவில் சுழல்கிறது?

சிலாபத்திலிருந்து வடக்கே புத்தளம் நோக்கிச் செல்லும் வழியில், தென்னந்தோப்புகள் சற்று விலகும் இடங்களில் இறால் குளங்கள் கண்ணில் படும். இரவில் அவ்வழியே போகிறவர்க்கு, நீரை அடித்துச் சுழலும் துடுப்புச் சக்கரங்களின் ஓசை கேட்கும். விடியலுக்கு முந்திய நாழிகைகளில் அவை ஓய்வதேயில்லை. குளத்தில் வேலை செய்பவரின் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்: இரவில் சக்கரம் நின்றுவிட்டால் இறால் செத்துப்போகும் என்று உடனே சொல்லும். அதே பிள்ளை, பசுந்தாவரங்கள் ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன என்று விடைத்தாளில் பிழையின்றி எழுதி முழுப் புள்ளியும் பெறும். இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

குளத்து நீரின் பச்சை நிறம் நுண்பாசிகளால் வருவது. பகலில் அவை வெயிலைக் கொண்டு உணவாக்கி, நீரில் உயிர்வளியாகிய ஒட்சிசனை நிறைக்கின்றன. கதிரவன் மறைந்ததும் அவ்வேலை நிற்கிறது, மூச்சு நிற்பதில்லை. பாசியும் இறாலும் அடிச்சேற்று நுண்ணுயிர்களும் இரவெல்லாம் அதே உயிர்வளியைச் செலவிட, விடியற்காலையில் அதன் அளவு அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்நேரத்தில் காற்றிலுள்ள உயிர்வளியை நீரில் கலப்பதற்காகவே சக்கரம் சுழல்கிறது. 1996இல் வெண்புள்ளி நோய் புத்தளம் மாவட்டத்து இறால் குளங்களைச் சூறையாடிய கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, குளத்தின் உடல்நலம் வீட்டின் அடுப்பைத் தொடும் செய்தி. ஆயினும் அந்த அறிவு பள்ளி வாயிலிலேயே செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது.

அதை உள்ளே அழைக்கும் வகுப்பறை எப்படி இருக்கும்? நாளைய வகுப்பறை என்றதும் ஒளித்திரைகளும் கைக்கணினிகளும் எண்ணும் பொறிகளுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை. ஆனால் மனிதர் எவ்வாறு கற்கிறார், எவ்வாறு மறக்கிறார் என்பதைப் பற்றி நூற்று நாற்பது ஆண்டுகளாகத் திரண்டிருக்கும் ஆய்வறிவு இன்னும் நம் கரும்பலகைக்கு வந்து சேரவில்லை. அது வந்து சேரும் அறையையே நான் நாளைய வகுப்பறை என்பேன். அதற்கு மின்னிணைப்புக்கூடத் தேவையில்லை.

அந்த அறிவின் தொடக்கம் ஒரு தனிமனிதரின் பொறுமை. செருமானியரான எர்மன் எபிங்கவுசு, பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்தார். நாள்கள் கழித்து அதே வரிசையைத் திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 1885இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு நாள் கழிந்தபின் முதல் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. மறதி முதல் மணிநேரத்தில் மலைச்சரிவு போல இறங்குகிறது, பின்னர் சமவெளி போல மெல்லச் சாய்கிறது. நேற்று நடத்திய பாடம் இன்று வகுப்பில் இல்லாதது கண்டு சினக்கும் ஆசிரியர், உண்மையில் மூளையின் இயல்பின்மீது சினக்கிறார்.

இந்தச் சரிவை எதனால் தடுக்கலாம்? திரும்பத் திரும்பப் படி என்பதே நம் வழக்கமான விடை. 2006இல் அமெரிக்க உளவியலாளர் என்றி ரோடிகரும் செவ்ரி கார்ப்பிக்கும் அதைச் சோதித்தனர். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொன்றை ஒருமுறை படித்து, பின் தாளை மூடிவைத்து நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததில் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்ததில் 75 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது: படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. மனத்திலிருந்து ஒன்றை வெளியே இழுத்தெடுக்கும் முயற்சி, அதை மனத்தில் இன்னும் ஆழமாக ஊன்றுகிறது.

இந்த இரு அளவீடுகளுக்கும் இடையில்தான் நம் பள்ளிகளின் துன்பம் முழுவதும் கிடக்கிறது. பாடம் முடிந்த உடனே கேட்டால் பழைய முறையே வென்றதாகத் தெரியும். ஆசிரியர் மகிழ்வார், அதிபர் மகிழ்வார், பிள்ளையும் தனக்குத் தெரியும் என்று நம்பும். ஒரு கிழமை கழித்து வரும் இழப்பு யார் கண்ணிலும் படாது.

இதைவிட வியப்பூட்டுவது கலப்புப் பயிற்சி பற்றிய ஆய்வு. 2007இல் தக் ரோரரும் கெலி தெயிலரும் நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் கணிக்கக் கற்பித்தனர். ஒரு குழுவினர் ஒரு வகையின் கணக்குகளை எல்லாம் முடித்துவிட்டே அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றக் குழுவுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதற்குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது. கலந்து செய்தவர் 60 விழுக்காட்டிலேயே தடுமாறினர். ஒரு கிழமைக்குப் பின் நடந்த தேர்வில் முதற்குழு 20 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது, கலந்து செய்தவர் 63 விழுக்காட்டில் நின்றனர். முதற்குழுவினர் வாய்பாட்டைப் பயன்படுத்தக் கற்றார்களே தவிர, எந்த வாய்பாட்டை எப்போது எடுப்பது என்று கற்கவில்லை. அலகின் தலைப்பே அதைச் சொல்லிவிடும்போது அவர்கள் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்?

எங்கள் கடலோரத்து மீனவ ஊரான உடப்பின் கரையில் இதை எவரும் ஆய்வாகச் செய்வதில்லை. அங்கே கரைவலை இழுக்கும் கயிற்றில் பெரியவர்களோடு சிறுவனும் கைவைக்கிறான். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் இழுப்புக்கு அடி மாறுகிறது. இன்று நீரோட்டம் வடக்கே, நாளை தெற்கே. ஒரு நாள் வலையின் மடி கனக்கிறது, ஒரு நாள் வெறுமையாக வருகிறது. கடல் அலகு அலகாக வருவதில்லை. அதனால்தான் அங்கே கற்றது காலத்துக்கும் நிற்கிறது.

இனி, நம்மவர் தேர்வுக்குப் புதியவர்களா? தரம் ஐந்து புலமைப்பரிசில் தேர்வுக்காகவும் சாதாரண தரத்துக்காகவும் கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்விக்கிறோம். அதுவும் நினைவை மீட்பதுதானே என்று கேட்கலாம். மீட்பதுதான். ஆனால் அதை ஆண்டின் கடைசித் திங்கள்களில் குவித்து, ஒவ்வொரு தாளுக்கும் புள்ளியிட்டு, வகுப்பில் உரக்க வாசித்து, பிள்ளையை அச்சத்தில் நிறுத்துகிறோம். வினா நம்மிடம் தராசாக மட்டுமே இருக்கிறது. ஆய்வு அதை மண்வெட்டியாகக் கேட்கிறது: புள்ளி இல்லாமல், சிறிதாக, அடிக்கடி, இடைவெளி விட்டு.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் முடிவு ஊர்ப்பள்ளிக்குப் பொருந்துமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. இலினோய் மாநிலத்துக் கொலம்பியா என்னும் ஊரின் நடுநிலைப் பள்ளியில், ஆறாந்தரச் சமூகக் கல்வி வகுப்பிலேயே ரோடிகர் குழுவினர் இவ்வினாமுறையைச் சோதித்து 2011இல் வெளியிட்டனர். சிறு வினாக்கள் கேட்கப்பட்ட பகுதிகளில் பிள்ளைகள் பின்னர்த் தெளிவாக உயர்ந்து நின்றனர். அதே ஆசிரியர், அதே நூல், அதே மணிநேரம். என் ஐயம் அங்கே தணிந்தது.

ஒன்றை மட்டும் அயல்நாட்டு ஆய்விலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நினைவிலிருந்து எழுதுவதற்குப் பிள்ளைக்குத் தன் சொற்கள் வேண்டும். நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையிலான இக்கரையில் வீட்டில் தமிழும் பள்ளியில் சிங்களமுமாக வளர்ந்த தலைமுறைகள் உண்டு. தமிழ்வழிப் பள்ளிகளிலும் பாடநூலின் கலைச்சொல் பிள்ளையின் வாய்ச்சொல்லிலிருந்து நெடுந்தொலைவில் நிற்பதுண்டு. தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும் என்று இலங்கையின் கல்விக்கான கன்னங்கரா குழு 1943ஆம் ஆண்டின் அறிக்கையில் பரிந்துரைத்தது வெறும் அரசியல் முடிவன்று. அதற்கு அறிவியல் அடித்தளமும் உண்டு. ஆகவே மூடிய கொப்பியின் முன் அமரும் பிள்ளை முதலில் தன் பேச்சில் எழுதட்டும். கலைச்சொல் அடுத்த நாள் வந்து அமரும்.

ஒரு குறுகிய பாடவேளையில் இதற்கு இடமேது என்று ஆசிரியர் கேட்பது முறையே. பாடத்திட்டத்தை முடிக்கும் சுமை அவர் தோளில்தான் இருக்கிறது. இதற்கு வேண்டியவை ஐந்து நிமிடமும் ஓர் அரைத்தாளும். அந்த ஐந்து நிமிடம் இப்படி நடப்பதாக நான் மனக்கண்ணில் காண்கிறேன். ஆசிரியை உள்ளே வந்ததும் கொப்பிகள் மூடப்படுகின்றன. கரும்பலகையில் மூன்று வினாக்கள்: ஒன்று நேற்றைய பாடம், ஒன்று சென்ற கிழமையுடையது, ஒன்று சென்ற தவணையிலிருந்து. மூன்றாவது வினா இது: இறால் குளத்துச் சக்கரம் ஏன் இரவில் சுழல்கிறது?

பென்சில் நுனியைக் கடித்தபடி ஒரு பிள்ளை கூரையைப் பார்க்கிறது. மூன்று கிழமைக்கு முன் அது எழுதிய விடை, சக்கரம் நின்றால் இறால் செத்துவிடும் என்ற ஒரே வரி. இன்று மெல்ல எழுதுகிறது: இருட்டில் பாசி சாப்பாடு செய்யாது, ஆனா மூச்சு விடும். அரைத்தாள்களை எவரும் திரட்டவில்லை. ஒருவர் தாளை அடுத்தவர் பார்த்துத் திருத்திக்கொள்கின்றனர்.

பின் வரிசையில் ஒரு கை உயர்கிறது. "மிஸ், மப்பும் மந்தாரமுமா இருக்கிற பகல்ல?"

ஆசிரியை விடை சொல்லவில்லை. வெண்கட்டியை எடுத்து, கரும்பலகையின் மேல் மூலையில், அடுத்த கிழமைக்கான முதல் வினாவாக அதை எழுதுகிறாள்.